கூடையும் வளையமும்: ஒரு வீராங்கனையின் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் ஊரவர் உள்ளத்தில் முதலில் எழுவது கோணமலை. குளக்கோட்டன் கதை, போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கொடுமை, அக்கற்களைக் கொண்டு எழுந்த கோட்டை, 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த காலைப்பொழுது ஆகிய இவற்றையெல்லாம் பாட்டனார் சொல்லப் பேரப்பிள்ளைகள் கேட்டு வளர்ந்த ஊர் இது. கோட்டையும் கொத்தளமும் மன்னரும் மாலுமியும் வரலாறு ஆவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு பந்து எங்கே பிறந்தது, எவ்வழியாக நம் கரைக்கு வந்தது, அப்பந்தை ஏந்திய ஒரு பெண்பிள்ளை எங்கிருந்து எங்கே சென்றாள் என்பதும் வரலாறுதான். அத்தகைய வரலாறு ஒன்றையே இவ்வாண்டு மலரில் இளைஞர் முன்னும் முதியோர் முன்னும் வைக்க விழைகின்றேன்.

யாழ்ப்பாணத்து ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் என்னும் வீராங்கனையின் பெயரை அறியாதவர் இன்று நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். வலைப்பந்தாட்டத்தில் இலங்கையின் கோல் எய்பவராக நின்று ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். அடிக்கணக்கிற் சொன்னால் ஆறடி பத்து அங்குலம். உலகில் வலைப்பந்து ஆடிய பெண்களுள் மிக உயரமானவர் என்று பேர்பெற்றவர். பெயர் அறிவோம், உயரம் அறிவோம். அந்த உயரம் எவ்வாறு ஏளனத்திலிருந்து பெருமைக்கு ஏறியது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்ப்பதற்கே இக்கட்டுரை.

ஒரு வாலிபர் சங்கத்தில் பிறந்த ஆட்டம்

வீராங்கனையின் கதைக்கு முன் ஆட்டத்தின் கதையைச் சொல்லவேண்டும். கூடைப்பந்தும் வலைப்பந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய் பிறந்த இடம் எது தெரியுமா? அரண்மனையன்று, படைமுகாமன்று. ஒரு வாலிபர் சங்கம்!

1891 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். அமெரிக்க நாட்டின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்திலே ஸ்பிறிங்பீல்ட் என்னும் நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி இருந்தது. வெளியே பனிக்காலம், மைதானத்தில் இறங்க இயலாது. உள்ளே அடைபட்ட மாணவர்களோ உடற்பயிற்சி வகுப்பை வெறுத்துக் குழப்படி செய்தனர். அவர்களை அடக்கி ஆளும் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடாக்காரரிடம் வந்தது. அவர் பிரம்பை எடுக்கவில்லை. ஒரு புதிய ஆட்டத்தை எடுத்தார். பீச்சுப்பழம் இடும் கூடைகள் இரண்டைக் கொண்டுவரச் செய்து, மண்டபத்தின் இரு முனைகளிலும் மாடத்து விளிம்பிலே அடித்துவைத்தார். அம்மாடம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தமையால், இன்றும் உலகெங்கும் வளையம் பத்தடி உயரத்திலேயே நிற்கின்றது. காற்பந்து ஒன்றைக் கையிற் கொடுத்தார். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பதினெட்டு மாணவர் ஒன்பது ஒன்பது பேராய்ப் பிரிந்து ஆடினர். பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்கவேண்டும். கூடைக்கு அடியை வெட்டிவிடலாம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

அந்த ஆட்டம் ஏன் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். வல்லவர்களைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பிறந்ததன்று. இடம் இல்லாதவர்க்கு இடம் செய்து கொடுப்பதற்காகப் பிறந்தது. இந்த ஒரு குணம் அதன் வரலாறு முழுவதும் கூடவே வருகின்றது.

அடுத்த ஆண்டே, 1892 இல், அருகிலிருந்த சிமித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இவ்வாட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்தார். பெண்கள் ஓடியாடினால் உடல் கெடும், நாணம் கெடும் என்று மேல்நாட்டவரே நம்பிய காலம் அது. அவர் அரங்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்; ஒருத்தி கையிலுள்ள பந்தை மற்றொருத்தி பறித்தல் ஆகாது என்றார். ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே மார்த்தினா பேர்க்மன் ஓஸ்ரபேர்க் அம்மையாரின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரியில் அது மேலும் மாறியது. கணுக்கால்வரை தொங்கும் பாவாடையோடு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது எப்படி? எனவே தட்டி ஓடுதல் நீங்கியது; எறிந்து பிடித்தலே ஆட்டமாயிற்று. கூடை போய் இரும்பு வளையமும் வலையும் வந்தன. 1901 ஆம் ஆண்டில் விதிகள் அச்சேறின. இவ்வாறு பிறந்ததே வலைப்பந்தாட்டம்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். இலங்கையில் 1927 ஆம் ஆண்டளவில் பெண் சாரணியர் வழியாக இவ்வாட்டம் வேரூன்றியது. பின்னர்ப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் அலுவலகங்களிலும் பரவியது. ஆனால் உலகில் அப்போது ஒரே ஆட்டத்துக்குப் பல பெயர், பல விதி. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதைப் ‘பெண்கள் கூடைப்பந்து’ என்றே 1970 ஆம் ஆண்டுவரை அழைத்தனர். ஒரு நாட்டில் ஏழு பேர் ஆட, இன்னொரு நாட்டில் ஒன்பது பேர் ஆடினர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுப் பெண் பிரதிநிதிகள் 1960 ஆம் ஆண்டிற் கூடிய இடம் இந்த இலங்கைத் தீவே. இங்கேதான் உலகப் பொதுவிதிகள் வகுக்கப்பட்டன. சர்வதேச சம்மேளனமும் உருவாயிற்று. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது, பங்குபற்றிய 11 அணிகளுள் இலங்கை அணியும் ஒன்று.

விதிகளைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். இல்லையேல் தர்ஜினியின் அருமை விளங்காது. வலைப்பந்து அரங்கு நூறடி நீளமும் ஐம்பதடி அகலமும் உடையது. மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அணிக்கு ஏழு பேர். கோல் எய்யும் உரிமை அவர்களுள் இருவருக்கே உண்டு. அதுவும் கம்பத்தைச் சூழ்ந்த அரைவட்டத்தின் உள்ளே நின்றுதான். பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் விட்டுவிடவேண்டும். தடுப்பவர் மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். கூடைப்பந்தில் உள்ளதுபோல வளையத்தின் பின்னே பலகை இல்லை. எனவே பலகையிற் பட்டுத் திரும்பி விழும் வாய்ப்பு இல்லை. பந்து நேராக வளையத்தின் வாயில் விழவேண்டும், தவறினால் தவறியதுதான். பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகள். ஒரு மணி நேர ஆட்டத்தின் முழு உழைப்பும் கடைசியில் வட்டத்துக்குள் நிற்கும் ஒருத்தியின் விரல் நுனியில் வந்து நிற்கின்றது.

கிழக்குக் கரையில் வளையம்

பெண்கள் ஆட்டம் இவ்வாறு நாட்டில் வளர, ஆண்களின் கூடைப்பந்து கிழக்குக் கரைக்கு வேறொரு வழியால் வந்தது. அவ்வழியில் நம் திருக்கோணமலையும் இருக்கின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஒலியன்ஸ் மாகாணத்து இயேசுசபைத் துறவிகள் திருக்கோணமலை மறைமாவட்டத்திற் பணிசெய்ய வந்தனர். அவர்களுள் ஒருவர் யூஜின் ஹேபெயர் அடிகளார். லூசியானா மாநிலத்தில் 1923 இல் பிறந்தவர். 1948 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். நம் ஊர்ப் புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின் நெடுங்காலம் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். கூடைப்பந்தைத் தம் தாய்மண்ணிலிருந்து கொண்டுவந்த சீதனமாக இக்கரைப் பிள்ளைகளுக்கு அளித்தார். அவர் பயிற்றிய மட்டக்களப்பு மாணவர், தலைநகரத்துப் பெரிய கல்லூரிகளை எதிர்த்து நின்று அகில இலங்கை மட்டத்திற் பேர் எடுத்தனர்.

அவருடைய முடிவைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள், கலவரம் மூண்டிருந்த வேளையில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தம் ஸ்கூட்டரில் ஒரு தமிழ் இளைஞரோடு புறப்பட்ட அவர் வீடு திரும்பவில்லை. இருவரும் காணாமற் போயினர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் பிள்ளைகளுக்குப் பந்தை எறியக் கற்பித்த ஒருவருக்கு ஒரு கல்லறைகூட இம்மண்ணில் அமையவில்லை. சமயம் வேறாயினும் நன்றி வேறன்று. நம் மூத்தோர் சிலர் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுப்பதைக் கேட்டிருக்கின்றேன்.

அடிகளார் மறைந்த அதே 1990 ஆம் ஆண்டு, தர்ஜினியின் கதையிலும் வருகின்றது. இனி அக்கதைக்குச் செல்வோம்.

ஈவினையிலிருந்து வந்தாறுமூலைக்கு

ஈவினை என்பது யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்த சிற்றூர். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனங்கூடல்களும் நிறைந்த வலிகாமத்து நிலம். தர்ஜினி கற்றது வசாவிளான் மத்திய மகாவித்தியாலயத்தில். பலாலி விமானத்தளத்தின் அயலிலே உள்ளது வசாவிளான். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அவ்வயல் முழுவதும் மக்கள் எழுந்து போகவேண்டிய வலயமாயிற்று. வீடுகள் வெறுமையாயின, பள்ளிக்கூடமும் தன் நிலத்தை விட்டு இடம்பெயர்ந்து நடந்தது. நிலையான மைதானமும் கோடு கீறிய அரங்கும் மாலைநேரப் பயிற்சியும் அமைதிக்காலத்துப் பிள்ளைகளுக்கு உரியவை. குண்டுச் சத்தத்துக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் புத்தகத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடாயிருந்தது.

அத்தகைய காலத்தில் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பாரமும் சேர்ந்தது. அவளுடைய உயரம். நம் சமுதாயத்தின் வாய் எத்தகையது என்பதை நாம் அறியாதவர்களா? ஒரு பெண்பிள்ளை சற்று நெடிதாக வளர்ந்துவிட்டால் போதும். ‘பனை’ என்பார் ஒருவர். ‘ஒட்டகம்’ என்பார் இன்னொருவர். ‘இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?’ என்று தாயின் காதுபடவே பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். தெருவிற் போனாற் பார்வை. பேருந்தில் ஏறினாற் சிரிப்பு. தம் உயரத்துக்காகத் தாம் கேலிக்கு ஆளானதைத் தர்ஜினியே பின்னாளில் மறைக்காமற் பேசியிருக்கின்றார்.

என் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். என் தமக்கையின் மகள் பதின்மூன்று வயதிலேயே என்னைவிட உயர்ந்துவிட்டாள். ஒரு தைப்பொங்கல் நாளில், குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது, ‘கொடிக்கம்பத்தைப் பின்னால் நாட்டுங்கள்’ என்று நான் பகிடியாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அந்தப் படத்தில் மட்டுமன்று, அதன்பின் எடுத்த எந்தப் படத்திலும் அவள் நிமிர்ந்து நிற்கவில்லை. தோளைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடித்து, தன்னைத் தானே சுருக்கிக்கொண்டு நிற்கின்றாள். அப்படங்களை அடுக்கிப் பார்த்த நாளிலேதான் என் ஒரு சொல் என்ன செய்தது என்பது எனக்கு விளங்கியது. மாமனாகிய நான் பகிடியென்று எறிந்த கல், அவள் முதுகில் இன்னும் கிடக்கின்றது.

தர்ஜினி சுருங்கவில்லை. அல்லது, சுருங்கிவிடாதபடி அவருக்கு ஓர் இடம் கிடைத்தது என்று சொல்வது இன்னும் பொருந்தும். பள்ளிப்படிப்பு முடிந்து அவர் பட்டப்படிப்புக்காக வந்து சேர்ந்தது நம் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிலையம் வந்தாறுமூலையில் இருக்கின்றது. நம் கோணேசபுரியில் உள்ள திருக்கோணமலை வளாகம் அதன் கிளையே. 1990 ஆம் ஆண்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் உயிருக்குத் தஞ்சம் புகுந்த வளாகம் அது. தஞ்சம் கொடுத்த அதே மண், பின்னர் வடக்கிலிருந்து வந்த ஒரு மாணவிக்கு அரங்கும் கொடுத்தது.

ஈவினைத் தெருவில் எந்த உயரம் அவரைத் தலைகுனிய வைத்ததோ, அதே உயரத்தை அண்ணாந்து பார்த்து ‘இது எங்களுக்கு வேண்டும்’ என்று சொல்லும் இடம் வலைப்பந்து அரங்கு. வளையம் பத்தடி உயரத்தில் நிற்கின்றது. ஆறடி பத்து அங்குலமுள்ள ஒருவர் கையை உயர்த்தினால், விரலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு முழந்தான் மிஞ்சும். தோழியர் பந்தை உயரத் தூக்கி எறிந்தால், தடுப்பவர் எவ்வளவு துள்ளினாலும் எட்டாத ஒரு வெளியில் அதை ஏந்திக்கொள்ள அவரால் இயலும். ஊரார் குறையென்று எண்ணிய ஒவ்வோர் அங்குலமும் அங்கே அணியின் சொத்து.

உயரம் மட்டுமா?

இங்கே இளைஞர் ஒரு தவறு செய்துவிடக்கூடாது. ‘அவ்வளவு உயரம் இருந்தால் யாரும் கோல் போடலாம்’ என்று சொல்லுவோர் உளர். அரங்கில் நின்று பார்த்தவர் அவ்வாறு சொல்லார். எதிரணியினர் மூடர்களல்லர். நெடியவர் ஒருவர் வட்டத்துள் நிற்கின்றார் என்று தெரிந்ததும் அவரைச் சுற்றி இருவர் வேலி கட்டுவர், தோளால் நெருக்குவர், பந்து வரும் வழியையே அடைப்பர். நீண்ட உடலைக் காலில் நிறுத்தி வைப்பதே ஒரு கலை. பந்தை ஏந்தியபின் ஊன்றிய காலை மாற்றி வைத்தால் தவறு. மூன்று விநாடி கடந்தால் தவறு. வளையத்தில் ஒரு விரற்கடை விலகினால் தவறு. ஓராட்டத்தில் அறுபது, எழுபது முறை எய்து, அவற்றுள் மிகச் சிலவே தவறுவது என்றால், அதன் பின்னே எத்தனை ஆயிரம் மாலைகளின் தனிப்பயிற்சி இருக்கவேண்டும்! உயரம் பிறப்பால் வந்தது. குறி உழைப்பால் வந்தது.

பல்கலைக்கழக அரங்கிலிருந்து அவர் தலைநகரம் சென்றார். செலான் வங்கியின் வலைப்பந்து அணியில் ஆடினார். வணிக நிறுவனங்கள் வீராங்கனைகளுக்கு வேலையும் கொடுத்து ஆடவும் விடும் வழக்கம் கொழும்பில் நெடுநாளாக உண்டு. தேசிய அணியிலும் இடம் கிடைத்தது. போர் இன்னும் ஓயாத நாட்கள் அவை. வடக்கிலிருந்து வந்த தமிழ்ப்பெண் ஒருத்தி, பெரும்பாலும் சிங்களம் பேசும் தோழியரோடு, நாட்டின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து ஆடினாள் என்பது இன்று எழுதுவதற்கு எளிது. அன்று வாழ்வதற்கு எளிதாயிருந்திராது. ஆயின் அரங்கிலே பந்து எந்த மொழியும் பேசுவதில்லை. எறிபவள் கண்ணும் ஏந்துபவள் கையும் ஒன்றையொன்று நம்பினாலன்றி அங்கே ஒரு கோலும் இல்லை.

போர் முடிந்த அதே 2009 ஆம் ஆண்டில் மலேசியாவில் ஆசிய வலைப்பந்துப் போட்டி நடந்தது. இலங்கை கிண்ணத்தை வென்றது. 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளின் பின் கிடைத்த நான்காவது ஆசியக் கிண்ணம் அது. அணியின் கோல்களுக்கு ஊற்றாயிருந்தவர் தர்ஜினி. பின்னர் அவர் புகழ் கடல் கடந்தது. வலைப்பந்தைத் தங்கள் பெண்களின் பேராட்டமாகப் போற்றும் அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரத்துச் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகம் அவரை அழைத்து ஆடவைத்தது. செம்மண் கிராமத்திலிருந்து புறப்பட்ட கால்கள் உலகின் முதன்மை நாட்டு அரங்கில் ஊன்றி நின்றன.

ஒன்பது ஆண்டுகள் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் எட்டாமலே போயிற்று. 2018 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சிங்கப்பூரில் போட்டி. சதுரங்கி ஜயசூரிய தலைமையில், திலகா ஜினதாச பயிற்சியில் சென்ற அணியிலே தர்ஜினியும் இருந்தார். எழிலேந்தினி சேதுகாவலர் என்னும் மற்றொரு தமிழ் வீராங்கனையும் இருந்தார். ஓர் ஆட்டத்தையும் இழக்காமல் இறுதிக்கு வந்த இலங்கை, சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணிலே 69 க்கு 50 என்று வென்றது. நாற்பது வயதை நெருங்கிய ஒரு பெண் அன்று வட்டத்துள் நின்று கோல் மேல் கோலாகப் பொழிந்தார். வேறு எத்தனையோ வீராங்கனைகள் காலணியைக் கழற்றி மூலையில் வைத்துவிடும் வயது அது.

அடுத்த ஆண்டு, 2019 இல், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி. இலங்கை அணி பட்டியலின் அடியில்தான் நின்றது, மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அப்போட்டியில் ஆடிய பதினாறு நாட்டு வீராங்கனைகள் எல்லோரிலும் மிகுதியான கோல்களை எய்தவர் யார்? அவுஸ்திரேலியரா, நியூசிலாந்தினரா, யமேக்கரா? இல்லை. ஈவினைத் தர்ஜினி! முன்னூறுக்கும் மேற்பட்ட கோல்கள். தோற்ற அணியில் நின்றும் தளராமல் எய்த கை அது. கிண்ணம் வென்ற நாளைவிட இந்தச் செய்தியையே நான் பெரிதாக மதிக்கின்றேன். வெல்லும்போது நிமிர்ந்து நிற்பது எளிது; தோற்கும் அணியில் நின்று ஒவ்வொரு பந்தையும் முதற் பந்தைப்போல எய்வதே வீரம்.

நம் முற்றத்தில் ஒரு கம்பம்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தர்ஜினியின் வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போவதா? முயற்சி அவருடையது, அதை நாம் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. நாம் பார்க்கவேண்டியது, அந்த முயற்சிக்குக் கதவு திறந்தவர்களை. குழப்படி மாணவர்க்குக் கூடை கட்டினார் நெய்ஸ்மித். பாவாடை அணிந்த பெண்களுக்காக விதியையே மாற்றினார்கள் இரு ஆசிரியைகள். எங்கோ பிறந்து இங்கே வந்து பந்தெறியக் கற்பித்தார் ஒரு துறவி. இடம்பெயர்ந்த மாணவிக்கு அரங்கு கொடுத்தது ஒரு பல்கலைக்கழகம். வேலை கொடுத்து ஆடவிட்டது ஒரு நிறுவனம். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ‘உனக்கு இங்கே இடம் உண்டு’ என்று சொல்லியிருக்கின்றார். அச்சொல் ஓரிடத்திலேனும் தவறியிருந்தால், இன்று நாம் போற்றும் பெயர் ஒரு சிற்றூரின் கேலிப்பெயராகவே நின்றிருக்கும்.

அப்படி நின்றுவிட்ட பெயர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ! மூதூரிலும் சம்பூரிலும் குச்சவெளியிலும் நிலாவெளியிலும் கன்னியாவிலும் உயரமாய், உரமாய் வளரும் பிள்ளைகள் இல்லையா? நம் நகரில் 1923 இல் பெண்கல்விக்கென்றே எழுந்த சண்முக வித்தியாலயம் இன்று பெரிய கல்லூரியாக நிற்கின்றது. அதைப்போன்ற பாடசாலைகளில் அரங்கும் ஆசிரியரும் உண்டு. கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாகப் போட்டிகளும் உண்டு. ஆயின் கடற்கரை ஊர்களிலும் காட்டோரக் கிராமங்களிலும் உள்ள சிறு பாடசாலைப் பிள்ளை அந்த முதற் படியை எங்கே மிதிப்பாள்? பாடசாலை முடிந்து மணியடித்தபின், உயர்தரம் முடிந்து வீட்டிலிருக்கும் நாளில், அவள் எங்கே போவாள்? இளைஞர்களுக்கு மைதானம் உண்டு. மாலையில் மக்கெய்சர் அரங்கின் பக்கம் போனால் காற்பந்தும் கிரிக்கற்றும் காணலாம். அவர்களின் தங்கைமார் எங்கே?

வலைப்பந்துக்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் இரும்புக் கம்பம், பத்தடி. அதன் தலையில் பதினைந்து அங்குல வளையம். ஒரு பந்து. நூறடிக்கு ஐம்பதடி நிலம் இல்லாவிட்டாலும் கேடில்லை. பதினாறடி அரைவட்டம் கீற இடமிருந்தாற் போதும், எய்யப் பழகலாம். நம் சங்க முற்றத்திலே அவ்வளவு இடம் தாராளமாக உண்டு. திருவிழாவுக்குப் பந்தல் போட நாலு நாளில் நிதி சேர்க்கும் நம்மவர், ஒரு கம்பம் நாட்ட நிதியில்லை என்று சொன்னால் யார் நம்புவர்? இக்கோரிக்கையை அடுத்த பொதுக்கூட்டத்தின் முன் வைக்க நான் விண்ணப்பித்திருக்கின்றேன். இளைஞர் கைகொடுக்கவேண்டும், பெரியோர் தடைசொல்லாதிருக்கவேண்டும்.

கம்பம் நாட்டுமுன் செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. அதற்குக் காசே வேண்டாம். நம் நாவை அடக்குவது. நெட்டை, குட்டை, கறுப்பு, ஒல்லி என்று பிள்ளைகளின் உடலுக்குப் பட்டம் சூட்டும் பழக்கத்தை இவ்வாண்டோடு விட்டுவிடுவோம். எந்தக் குறையென்று நாம் சிரிக்கின்றோமோ, அதற்கென்றே உலகில் எங்கோ ஓர் அரங்கு காத்திருக்கக்கூடும். நாம் செய்யவேண்டியது அவளை அங்கே அனுப்புவது. முடியாவிட்டால், அவள் போகும் வழியில் நில்லாதிருப்பது.

என் மருமகளுக்கு இப்போது வயது பதினாறு. சென்ற மாதம் தர்ஜினி ஆடிய இறுதியாட்டத்தின் படத்தை அவளுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ‘மாமா, இவ என்னைவிட எவ்வளவு உயரம்?’ என்று கேட்டாள். சுவரோடு நிற்கச் சொல்லி அளந்தேன். அளப்பதற்காக அவள் நிமிர்ந்து நின்றாள். பல ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவளுடைய முழு உயரத்தை நான் கண்டேன். கம்பத்தை நாட்டுவோம், அன்பர்களே. முதற் பந்தை அவள் எறியட்டும்.